புதுப்பிப்பு: அன்லாக் செய்தாலும் மறுபடி லாக் ஆன அக்கவுண்ட்

போன வாரம் புலம்பியிருந்தேனே, ஐடி சப்போர்ட்டில் சேர்ந்த மூன்றாவது வாரமே மாட்டிக்கொண்டேன் என்று. சம்பளப் பிரிவு மேடம் பாஸ்வேர்டு மாற்றியதிலிருந்து, நான் அன்லாக் செய்யச் செய்ய அவர் அக்கவுண்ட் லாக் ஆகிக்கொண்டே இருந்தது. காரணம் கிடைத்துவிட்டது.

அதற்குப் பதில் எழுதியவர்கள், அவர் மொபைலில் உள்ள மெயில் இன்னும் பழைய பாஸ்வேர்டோடு முயன்றுகொண்டிருக்கலாம், அதைப் பார் என்றீர்கள். நல்ல யோசனைதான், ஆனால் அதில் புதுப் பாஸ்வேர்டே இருந்தது. நானோ அவர் கணினியையே குடைந்துகொண்டிருந்தேன்: கேப்ஸ் லாக், கீபோர்டு மொழி, கடைசியில் கேபிள் வரை (ஏன் என்று கேட்காதீர்கள்).

சீனியர் அண்ணன் வந்து, டொமைன் கண்ட்ரோலரின் (அலுவலக லாகின்களைச் சரிபார்க்கும் சர்வர்) செக்யூரிட்டி பதிவேட்டில் 4740 என்ற எண்ணுள்ள ஈவென்ட்டைத் தேடச் சொன்னார். அக்கவுண்ட் லாக் ஆகும்போது பதிவாவது அது. தவறான முயற்சி எந்தக் கணினியிலிருந்து வந்தது என்ற பெயரும் அதிலேயே இருக்கும். பார்த்தால், மீட்டிங் அறைக் கணினி! எப்போதோ அங்கே லாகின் செய்த மேடம், திரையை மட்டும் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். அந்த செஷனில் இருந்த ஷேர்டு டிரைவ் (நெட்வொர்க்கில் பகிரப்பட்ட ஃபோல்டர்) இணைப்பு, பழைய பாஸ்வேர்டோடு விடாமல் தட்டிக்கொண்டிருந்தது; தவறான முயற்சிகள் சேரச் சேர அக்கவுண்ட் லாக் ஆனது.

சைன் அவுட் செய்து, ஒருமுறை அன்லாக் செய்தேன். மூன்று நாளாகப் பிரச்சினை இல்லை. அதே கணினியில் இன்னும் இரண்டு பேருடைய செஷன் திறந்தே கிடந்தது. அதில் ஒன்று என் மேனேஜருடையது. எப்படிச் சொல்வது என்றுதான் யோசிக்கிறேன்.