பின் நம்பர், ரிவர்ட் பேக், நடுசென்டர்: எதை வெட்டலாம், எதை விட்டுவிடலாம்?

ஒரே பொருளை இரண்டு முறை சொல்லும் ஆங்கிலத் தொடர்கள் படிவம், மின்னஞ்சல், கல்யாணப் பத்திரிகை என்று எங்கும் கண்ணில் படுகின்றன. எங்கே பார்த்தீர்கள், ஏன் அப்படி வந்தது, எப்படித் திருத்துவது என்பதைச் சேர்த்தே எழுதுங்கள் என்று பல துறையினரைக் கேட்டோம்; அவர்கள் எழுதியவை துறைவாரியாக இங்கே. வெறும் பட்டியல் யாருக்கும் உதவாது.

முதலில் ஏடிஎம் மெஷின். கடைசி எழுத்தான எம் என்பதே மெஷின்தான். எல்சிடி டிஸ்ப்ளேயில் டி என்பது டிஸ்ப்ளே, எச்ஐவி வைரஸில் வி என்பது வைரஸ், எல்பிஜி கேஸில் ஜி என்பது கேஸ். நாளிதழ்களில் அன்றாடம் வரும் 'நீட் தேர்வு' கூட இந்த வகைதான். நீட்டின் கடைசி எழுத்து டெஸ்ட். 2001-ல் நியூ சயின்டிஸ்ட் இதழ் இந்தப் பழக்கத்துக்கு ஒரு பெயர் வைத்தது: ராஸ் சிண்ட்ரோம். ராஸ் என்பதன் விரிவு ரிடண்டன்ட் அக்ரனிம் சிண்ட்ரோம். ஆக, நோயின் பெயரிலேயே நோய் இருக்கிறது.

*

படிவ வடிவமைப்பு: பின் நம்பரைப் பற்றி எழுதியே ஆகவேண்டும். பின் என்பதன் கடைசி எழுத்தே நம்பர் என்பதால் 'பின் நம்பர்' தப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இந்தியாவில் இரண்டு பின் இருக்கின்றன. ஒன்று 1972 ஆகஸ்ட் 15-ல் வந்த அஞ்சல் பின்: போஸ்டல் இண்டெக்ஸ் நம்பர், 6 இலக்கம். இன்னொன்று ஏடிஎம் அட்டையின் ரகசிய எண், பெரும்பாலும் 4 இலக்கம். பேச்சில் நம் மக்கள் இதை அழகாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். 'பின்கோடு' என்றால் தபால், 'பின் நம்பர்' என்றால் ஏடிஎம். இலக்கணப்படி மிகையாகத் தெரியும் அந்தச் சொல்தான் இரண்டையும் வேறுபடுத்துகிறது.

அதை வெட்டினால் என்ன ஆகும்? விண்ணப்பத்தில் முகவரிக்குக் கீழே தனியாக 'பின்' என்று மட்டும் அச்சிட்டு, பக்கத்தில் நான்கைந்து கட்டம் போகிற அளவுக்குக் கோடு விட்டால், ஏடிஎம் ரகசிய எண்ணை எழுதிக் கொடுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. திருத்தம் எளிது. 'அஞ்சல் குறியீட்டு எண்' என்று முழுதாக எழுதுங்கள். கோடு போடாமல் சரியாக 6 கட்டம் போடுங்கள். முகவரியின் கடைசி வரியோடு ஒட்டி வையுங்கள், கைப்பேசி எண்ணுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஏடிஎம் ரகசிய எண்ணை எந்தக் காகிதப் படிவத்திலும் கேட்கவே கூடாது.

ஐஎஃப்எஸ்சி கோடு: சி என்பதே கோடு. இங்கே வெட்டலாம், ஆனால் வெட்டிய இடத்தில் உபயோகமாக ஏதாவது வையுங்கள். மொத்தம் 11 குறிகள்: முதல் நான்கு வங்கியைக் காட்டும் எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் சுழியம், கடைசி ஆறு கிளையைக் குறிப்பவை. பிழை விழுவது அந்த ஐந்தாவது இடத்தில்தான்; சுழியத்துக்குப் பதில் 'ஓ' எழுத்தைப் போட்டுவிடுகிறார்கள். ஐந்தாம் கட்டத்தில் 0 என்று முன்பே அச்சிட்டுவிட்டால் அந்தப் பிழைக்கே இடமில்லை.

*

ஒரு சிறு எச்சரிக்கை: வெட்டும் ஆர்வத்தில் பிஎன்ஆர் நம்பரைத் தொட்டுவிடாதீர்கள். அதன் விரிவு பாசஞ்சர் நேம் ரெக்கார்ட். உள்ளே நம்பர் இல்லை, ஆகவே வெளியே நம்பர் போடுவது சரிதான். காசோலையில் வரும் எம்ஐசிஆர் கோடும் அப்படியே. சி என்பது கேரக்டர், ஆர் என்பது ரெக்கக்னிஷன். விரிவைப் பார்க்காமல் யாரையும் திருத்தக்கூடாது.

*

ஆங்கிலம் கற்பிப்பவர்: அலுவலக மின்னஞ்சலில் அதிகம் வருவது 'ரிவர்ட் பேக்', 'ரிட்டர்ன் பேக்', 'டிஸ்கஸ் அபௌட்'. இவை கவனக்குறைவால் வருபவை இல்லை. அடியில் தமிழ் இருக்கிறது. நாம் 'திருப்பிக் கொடு', 'திரும்பி வா' என்று இரண்டு வினையாகச் சொல்கிறோம். அந்தத் 'திருப்பி'தான் 'பேக்' ஆகிறது. 'அதைப் பற்றிப் பேசினோம்' என்பதில் உள்ள 'பற்றி'தான் 'அபௌட்' ஆகிறது. டிஸ்கஸ் வினையாக வந்தால் அபௌட் வேண்டாம்; டிஸ்கஷன் என்று பெயராக வந்தால் வேண்டும். எம்பஸைஸ், எம்பஸிஸ் இரண்டுக்கும் இதே கதைதான்: வினைக்கு 'ஆன்' இல்லை, பெயருக்கு உண்டு. இந்த ஒரு விதியைச் சொல்லிக்கொடுத்தால் பாதிப் பிழை போய்விடும்.

ரிவர்ட்டில் பேக் இருப்பதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பதில் தருவது என்ற பொருளில் இந்தியாவில் அது சகஜம். ஆனால் பொது ஆங்கிலத்தில் முதன்மைப் பொருள் பழைய நிலைக்குப் போவது. 'வெள்ளிக்குள் ரிவர்ட் செய்கிறோம்' என்பதை வெளிநாட்டு வாடிக்கையாளர், பழைய விலைக்கே போகிறார்கள் என்று படிக்க வாய்ப்புண்டு. 'ரிப்ளை' போடுங்கள், கூடவே தேதியும் போடுங்கள்.

'கசின் பிரதர்' என்று சொல்பவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். கசின் என்ற சொல் ஆணா பெண்ணா என்று காட்டாது. அண்ணன், தங்கை, அத்தான், மதினி என்று பிரித்தே பழகியவருக்கு அது குறைச்சொல். அவர் தகவல் சேர்க்கிறார். மருத்துவர் எழுதும் 'பாஸ்ட் ஹிஸ்டரி'யும் அப்படியே. குடும்ப வரலாறு, இப்போதைய நோயின் வரலாறு என்று தனித்தனித் தலைப்புகள் இருக்கும்போது பாஸ்ட் தேவைப்படுகிறது.

*

சட்ட மொழிபெயர்ப்பு: உங்கள் பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தில் குடியரசுத் தலைவர் பெயரால் ஒரு வேண்டுகோள் இருக்கும். அதில் 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று வரும். லெட் என்றால் அனுமதி என்றுதானே இன்று படிக்கிறோம்? இங்கே அது நேர்மாறு. பழைய ஆங்கிலத்தில் தடை என்ற பொருளில் இன்னொரு லெட் இருந்தது. டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையை உரசிக் கட்டத்துக்குள் விழுந்தால் 'லெட்' என்கிறார்களே, அதுவும் இந்தத் தடைதான். ஆக, அந்தத் தொடர் 'தடையோ தடங்கலோ இன்றி'. தமிழிலும் இரட்டையாகவே நன்றாக உட்காருகிறது.

'வில் அண்ட் டெஸ்டமென்ட்' வேறு வகை. 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபிறகு நீதிமன்றத்தில் பிரெஞ்சும் லத்தீனும், ஊரில் ஆங்கிலமும் ஓடின. ஒரே பொருளை ஒரு ஆங்கிலச் சொல்லாலும் ஒரு லத்தீன் வழிச் சொல்லாலும் சேர்த்து எழுதும் வழக்கம் அப்படி வேரூன்றியது. தமிழில் 'உயில்' ஒன்றே போதும். 'நல் அண்ட் வாய்ட்' என்பதற்கும் 'செல்லாது' போதும். ஆனால் ஒன்றாக்கும் முன் ஆவணத்தின் வரையறைப் பகுதியைப் பாருங்கள். இரண்டு சொல்லையும் தனித்தனியே வரையறுத்திருந்தால் கட்டாயம் இரண்டாகவே பெயர்க்க வேண்டும்.

காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுவதும் கூறியது கூறல்தான், ஆனால் அது காவல். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 18: இரண்டும் முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகையே தொகை. நடைமுறையில் வங்கி திருப்பி அனுப்பிவிடுவதும் உண்டு. கடைசியில் வரும் 'ஒன்லி', 'மட்டும்' ஆகியவை, பின்னால் யாரும் எதையும் சேர்க்காமல் இருக்க. ஐயாயிரம் என்று எழுதி இடம்விட்டால் 'ஐநூறு' ஒட்டிக்கொள்ளும்.

*

தமிழாசிரியர்: வீணான மிகை, பயனுள்ள மிகை என்ற இந்தப் பிரிவினை நமக்குப் புதிதில்லை. நன்னூல் பத்துக் குற்றங்களில் 'மிகைபடக் கூறல்', 'கூறியது கூறல்' இரண்டையும் வைக்கிறது. அதே நூல், ஒருபொருட்பன்மொழி சிறப்புக்காக வந்தால் குற்றமில்லை என்றும் சொல்கிறது. மீமிசை, உயர்ந்தோங்கிய, நடுமையம் ஆகியவை வகுப்பில் சொல்லும் எடுத்துக்காட்டுகள். 'ரோட்டுக்கு நடுசென்டர்ல நிக்கிறான்' என்பது அதே நடுமையம்தானே! ஓரமாக இல்லை, ஓரளவு நடுவிலும் இல்லை, சரியாக மையத்தில்.

சொற்பிறப்பை வைத்து மடக்குவதிலும் நிதானம் வேண்டும். ஞாண் என்றாலே கயிறு, ஆனாலும் 'அரைஞாண் கயிறு' என்கிறோம். எண்ணெய் என்பது எள்ளின் நெய், ஆனாலும் தேங்காயெண்ணெய் இருக்கிறது. இங்கிலாந்தின் ஏவன் ஆற்றில் ஏவன் என்பதும், வெல்ஷ் மொழியின் ஆவன் போல, ஆறு என்ற பொருள் தரும் சொல்தான். சஹாரா அரபியில் பாலைவனம். மூலப்பொருள் மறந்துபோன சொல்லைத் திருத்தப் போனால் பேச முடியாது.

*

பிழைதிருத்துநர்: நீண்ட ஆங்கில அறிக்கை கையில் வந்தால் செய்யவேண்டியது இது. தேடலில் 'முழுச்சொல் மட்டும்' என்பதை இயக்குங்கள். இல்லாவிட்டால் பேக் என்று தேடும்போது பேக்ரவுண்ட், ஃபீட்பேக் எல்லாம் வந்து நிற்கும். பேக், அகெய்ன், டுகெதர், அபௌட், அட்வான்ஸ் என்ற ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் அந்தச் சொல்லை விரலால் மறைத்துப் படியுங்கள். பொருள் மாறவில்லை என்றால் நீக்குங்கள்.

'அனைத்தையும் மாற்று' பொத்தானை அழுத்தவே வேண்டாம். ரிட்டர்ன் பேக்கில் பேக் வீண். ஆனால் கால் என்பது கூப்பிடுவது, கால் பேக் என்பது வந்த அழைப்புக்குத் திரும்பக் கூப்பிடுவது. 'ரிபீட் அகெய்ன்' கூட, மூன்றாம் முறை செய்யச் சொல்கிற இடத்தில் சரி.

'12 மிட்நைட், மார்ச் 31' என்று கடைசி நாள் குறித்திருந்தால், 12 மிகை என்று மட்டும் அடித்துவிட்டு நகராதீர்கள். 30 முடியும் நள்ளிரவா, 31 முடியும் நள்ளிரவா என்று அதில் தெரியாது. எழுதியவரைக் கேட்டு, '31 மார்ச், இரவு 11.59' என்று மாற்றுங்கள்.