மறு: டிரான்ஸ்லொகேஷன் – ‘இடமாற்றம்’ போதாதா?

குழுவினருக்கு வணக்கம்.

> இடமாற்றம் என்று ஒரு சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு இன்னொன்று?

ஐயா, அழிவிலிருக்கும் பறவைகளை வேறிடம் கொண்டுபோய் அங்கே பெருகச் செய்வதைப் பற்றிய நியூசிலாந்துக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன்; இதற்கு ஆங்கிலத்தில் டிரான்ஸ்லொகேஷன் (translocation) என்கிறார்கள், தமிழில் ஒரு சொல் கேட்டிருந்தேன். நானும் முதலில் இடமாற்றம் என்றுதான் போட்டேன். “பறவைகள் உல்வா தீவுக்கு இடமாற்றம் செய்யப்பட்டன” என்று எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால், தாசில்தாருக்கு ஆர்டர் வந்த மாதிரி இருந்தது. ஓசை மட்டும் உறுத்தியிருந்தால் விட்டிருப்பேன்.

2023ல் அரிக்கொம்பன் யானையைச் சின்னக்கானலிலிருந்து பெரியாறுக்குக் கொண்டுபோனார்கள். அது கம்பத்துக்குள் வந்ததும் பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் விட்டார்கள். அது இடமாற்றம், சந்தேகமே இல்லை. ஓரிடத்தில் தொந்தரவு, அங்கிருந்து அகற்றியாக வேண்டும். என் கட்டுரையில் விஷயமே வேறு.

நியூசிலாந்தில் சேணமுதுகு என்று ஒரு பறவை. மாவோரி மொழியில் டீயெக்கே. கருப்பு உடல், முதுகில் மட்டும் குதிரைச் சேணம் போட்டாற்போலச் செம்பழுப்பு. (மாவுய் என்ற வீரன் தண்ணீர் கேட்டபோது தராததால், அவன் சூடான கையால் பிடித்த தழும்பு என்பது கதை. நம் ஊர் அணிலுக்குத் தடவிக்கொடுத்துக் கோடு விழுந்தது, இதற்குச் சூடு!) தரையில் சருகைக் கிளறி இரை தேடும், தாழ்வான மரப்பொந்தில் கூடு வைக்கும். எலிக்கு இதைவிட வசதி வேண்டுமா? அந்நாட்டின் தென்தீவுக்குரிய இனம் கடைசியில் பிக் சவுத் கேப் என்ற தீவிலும் அதை ஒட்டிய சில திட்டுகளிலும் மட்டும் மிஞ்சியது. 1960களில் அங்கேயும் கப்பல் எலி ஏறிவிட்டது. 1964ல் வனவிலங்குத் துறையினர் அவசர அவசரமாக 36 பறவைகளைப் பிடித்துப் பக்கத்தில் எலியில்லாத இரண்டு சிறு தீவுகளில் விட்டார்கள். இன்று உயிரோடிருக்கும் தென்தீவுச் சேணமுதுகுகள் எல்லாம் அந்த 36இன் வாரிசுகள்தான்.

என் வாதமே இனிமேல்தான். அதே சமயத்தில் புதர் ரென் என்ற சின்னஞ்சிறு பறவை ஆறையும் பிடித்துக் காய்மோஹு தீவில் விட்டார்கள். அவை போய்ச் சேர்ந்தன, சில வருடம் இருந்தன, 1972க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. இனமே அழிந்தது. இடமாற்றம் நடந்ததா என்று கேட்டால் ‘நடந்தது’ என்றுதான் சொல்ல வேண்டும். நடக்காதது வேறொன்று: போன இடத்தில் வேரூன்றிப் பெருகுவது. அதற்குத்தான் சொல் கேட்கிறேன்.

> குடியேற்றம்?

யாழ்ப்பாணத்து அண்ணா ஏற்கெனவே சொல்லிவிட்டார்: அங்கே குடியேற்றம் என்றால் அரசாங்கத் திட்டம், மீள்குடியேற்றம் என்றால் அகதி முகாம். அந்தச் சுமையைப் பறவை தலையில் ஏற்ற வேண்டாம். வலசை, தானாகப் போய்த் திரும்புவது. புலப்பெயர்வும் தானாகப் போவதுதான்.

நான் முன்வைப்பது: குடிவைப்பு. ‘குடிவைத்தல்’ நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. மகனையும் மருமகளையும் தனிவீட்டில் குடிவைக்கிறோம். பாத்திரம் பண்டம் வாங்கிக் கொடுத்து, நாலு நாள் கழித்து எட்டியும் பார்க்கிறோம். இங்கும் அதேதான். உல்வா ரக்கியூரா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, பரப்பு சுமார் 267 ஹெக்டேர். 1997க்குள் எலியை முழுக்க ஒழித்து, 2000ல் சேணமுதுகைக் கொண்டுவந்தார்கள். வீட்டைச் சுத்தம் செய்தது முதலில், குடி பிறகு. பிற்பாடு எலி மறுபடி தலைகாட்டியதும் உண்டு. அதனால்தான் தீவுக்குப் போகிறவர்களைக் கிளம்பும் முன் பையைத் திறந்து பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

இன்னொரு சுவாரசியம். இப்படித் தீவு தீவாகப் பிரிந்த சேணமுதுகுகளின் பாட்டு நாளடைவில் தீவுக்குத் தீவு மாறிவிடுகிறது. வட்டார வழக்கு! அந்த அளவுக்கு ஊன்றிவிட்டதை ‘இடமாற்றம்’ எங்கே சொல்கிறது?

சொல் வினையாக ஓடுகிறதா என்றும் பார்த்தேன்: குடிவைத்தார்கள், குடிவைத்த தீவு, குடிவைப்புக்கு முன் எலி ஒழிப்பு. முன்பு இருந்து அழிந்த இடத்திலேயே விட்டால் மறுகுடிவைப்பு. ஓடுகிறது.

---

> குடிவைப்பு

தம்பி, தலைப்பில் போட்டால் டாஸ்மாக் செய்தி என்று நினைத்துவிடுவார்களே! வாடகைக்கு ஆள் வைப்பது போலவும் கேட்கிறது. ‘குடியமர்த்தல்’ என்றால் என்ன?

---

அக்கா, சிரித்துவிட்டேன். தலைப்பில் ‘பறவைக் குடிவைப்பு’ என்று சேர்த்தே போட்டுவிடுகிறேன். குடியமர்த்தல் தவறில்லை, ஆனால் ‘குடியமர்த்தலுக்குப் பிந்தைய கண்காணிப்பு’ என்று நாலு தடவை எழுதிப் பாருங்கள், கை வலிக்கும். வெள்ளிக்கிழமை கட்டுரை அச்சுக்குப் போகிறது. அதற்குள் யாருக்காவது இதைவிடக் குட்டையாக ஒன்று தோன்றினால் மாற்றிக்கொள்கிறேன்.