அப்பாவுக்கு ஹியரிங் எய்ட்: 8 சேனலா 24 சேனலா, எதைப் பாத்து வாங்குறது?

மொட்டைமாடி:
வணக்கம். அப்பாவுக்கு 71 வயசு. ரெண்டு வருஷமா டிவி சத்தம் ஏறிக்கிட்டே போகுது, நாங்க பேசினா ஏன் எல்லாரும் வாய்க்குள்ளயே முணுமுணுக்குறீங்கன்னு கோவம் வேற. போன வாரம் தான் ஒருவழியா டெஸ்ட்டுக்கு ஒத்துக்கிட்டார். ரெண்டு காதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, ஆடியோகிராம்ல (டெஸ்ட் ரிசல்ட் சார்ட், டெசிபல் நம்பர் கூடினா கேக்குறது கம்மின்னு அர்த்தமாம்) 1000 ஹெர்ட்ஸ் வரைக்கும் 30 டெசிபல், 2000ல 50, 4000ல 70. டெஸ்ட் பண்ண இடத்துல 8 சேனல் ஒண்ணு 24 சேனல் ஒண்ணு காட்டி, 24 தான் தெளிவா கேக்கும்ங்கிறாங்க, ஆனா விலை எங்கயோ போகுது. அப்பா வெளிய தெரியாம உள்ளயே போற குட்டி மாடல் தான் வேணும், அதுவும் ஒரு காதுக்கு போதும்ங்கிறார். போட்டுப் பழகினவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

சங்குப்பூ:
உங்க அப்பா வேணும்னு அப்படி சொல்லல, அவருக்கு நெஜமாவே முணுமுணுப்பா தான் கேக்குது. நானும் 12 வருஷமா மெஷின் போடுறேன், கிட்டத்தட்ட இதே ஆடியோகிராம் தான். பேச்சுல சத்தமா இருக்கிறது உயிரெழுத்து, அப்புறம் ம, ன மாதிரி மெல்லினம், அதெல்லாம் கீழ் ஹெர்ட்ஸ், அதாவது தாழ்ந்த சுருதி, அங்க அவர் காது ஓரளவு நல்லாவே இருக்கு. ஆனா ஒரு வார்த்தையை இன்னொண்ணுலேர்ந்து பிரிச்சுக் காட்டுறது க, ச, த இதெல்லாம் தான், அதோட அடையாளம் பெரும்பாலும் 2000க்கு மேல, சத்தமும் கம்மி. அவருக்குப் பின்னாடி நின்னு கடை, தடை, சடைன்னு சாதாரணமா சொல்லிப் பாருங்க. கத்திப் பேசினாலும் புரியாம போறது இதனால தான், கத்தும்போது உயிரெழுத்து தான் பெருசாகுது.

குட்டி மாடல் நானும் முதல்ல ஆசைப்பட்டு வாங்கினேன். காதை முழுசா அடைச்சதுல என் குரல் பானைக்குள்ள பேசுற மாதிரி இருந்துச்சு, கீழ் ஹெர்ட்ஸ் நல்லா கேக்குறவங்களுக்கு இது ரொம்ப படுத்தும். இப்ப போடுறது காதுக்குப் பின்னாடி சின்னதா உக்காந்து மெல்லிசு ஒயர்ல ஸ்பீக்கர் மட்டும் உள்ள போற மாடல், ஆர்ஐசின்னு சொல்வாங்க, முனையில ஓட்டை வெச்ச மெத்துனு ஒரு சிலிக்கோன் மூடி, டோம்னு பேர். காது அடைக்காது, எதிர்ல நிக்கிறவங்க கண்ணுக்கும் சட்டுனு படாது.

செவிப்பறை:
ஆடியாலஜி, அதாவது காது டெஸ்ட் பண்ணி மெஷின் பொருத்துறது தான் என் வேலை. சேனல்னா வர்ற சத்தத்தை எத்தனை துண்டா பிரிச்சு தனித்தனியா கையாளுதுங்கிறது, அவ்வளவு தான். சின்ன சத்தத்தை நிறைய ஏத்தணும், ஏற்கனவே பெருசா இருக்கிறதை கொஞ்சமா தான் ஏத்தணும், இதுக்குப் பேர் கம்ப்ரெஷன், இது சரியா இல்லாட்டி கதவு சாத்துற சத்தம் கூட காதுல அறையுற மாதிரி இருக்கும். உங்க அப்பாவோட கோடு 1000 வரைக்கும் நேரா வந்து அப்புறம் இறங்குது, அதுக்கு ஏத்த மாதிரி செட் பண்ண 8 சேனலே போதும். 24ன்னா மூணு மடங்கு தெளிவுன்னு அர்த்தமே இல்ல.

ஆனா விலை கூடின மாடல்ல வேற சிலதும் சேர்ந்து வரும், அதைக் கேளுங்க. முன்ன ஒண்ணு பின்ன ஒண்ணுன்னு ரெண்டு மைக் இருக்கா பாருங்க, சத்தம் ரெண்டுக்கும் வந்து சேர்ற நேர வித்தியாசத்தை வெச்சு எதிர்ல பேசுறவர் குரலை எடுத்துக் கொடுக்கும், கூட்டத்துல புரியுறதுக்கு உதவுறது இது தான். நாய்ஸ் ரிடக்ஷன்னு போட்டிருக்கிறது காதோட அலுப்பைக் குறைக்கும், பேச்சு புரியுறதை பெருசா கூட்டாது. முழுசா உள்ள போற குட்டி மாடல்ல இடம் பத்தாம பெரும்பாலும் ஒரே மைக் தான்.

இதெல்லாத்தையும் விட நான் கெஞ்சிக் கேக்குறது ஒண்ணு, ரியல் இயர் மெஷர்மென்ட் பண்ற இடமா பாத்து போங்க. ஆடியோகிராமை கம்ப்யூட்டர்ல போட்டு ஒரு பட்டனை அழுத்தி மெஷினைக் கையில கொடுத்துடுறாங்க, அது சராசரி காதுக்கான கணக்கு, உங்க அப்பா காதுக்கானது இல்ல. காதுக்குள்ள நூல் மாதிரி ஒரு ட்யூப் விட்டு, செவிப்பறை கிட்ட நெஜமா எவ்வளவு சத்தம் போகுதுன்னு அளந்து, எவ்வளவு ஏத்தணும்னு கணக்கு சொல்ற என்ஏஎல்-என்எல்2 மாதிரி ஃபார்முலாவோட வெச்சுப் பாத்து சரி பண்ணணும். இப்படி அளந்து செட் பண்ணின 8 சேனல்ல நல்லா பேசிப் பழகுறவங்களையும், அளக்காத 24 சேனலை வெச்சுக்கிட்டு அவதிப்படுறவங்களையும் நான் பாத்துக்கிட்டே தான் இருக்கேன்.

ரெண்டு காதும் ஒரே மாதிரி குறைஞ்சிருக்கிறப்ப ரெண்டுக்கும் போடுறது தான் நல்லது, சத்தம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு மூளை ரெண்டையும் ஒப்பிட்டுத் தான் கண்டுபிடிக்குது. (இதைப் படிக்கிற எல்லாருக்கும் ஒண்ணு: ஒரு காது மட்டும் திடீர்னு ஓரிரு நாள்ல கேக்காம போனா மெஷின் தேடாதீங்க, அன்னிக்கே ஈஎன்டி டாக்டர்ட்ட போங்க, நாள் தள்ளிப்போனா திரும்பக் கிடைக்கிற வாய்ப்பு குறையும்.)

மொட்டைமாடி:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். பேட்டரி மாத்துற மாடலா சார்ஜ் பண்றதா? அப்பாவுக்கு கை லேசா நடுங்கும்.

தாழ்வாரம்:
நடுங்குற கைக்கு சார்ஜ் மாடல் தான். 312, 10 நம்பர் பேட்டரியெல்லாம் சட்டை பட்டனை விட சின்னது, ஸ்டிக்கரை உரிச்சு காத்து உள்ள போக ஒரு நிமிஷம் விட்டு அப்புறம் மெஷின்ல இருக்கிற குட்டிக் கதவைத் திறந்து போடணும், எங்கம்மா பாதி நேரம் கட்டிலுக்கு அடியில தான் தேடிக்கிட்டிருப்பாங்க. சார்ஜ் மாடல்ல உள்ள இருக்கிற பேட்டரி சில வருஷத்துல தேயும், மாத்திக் கொடுப்பாங்களான்னு வாங்கும்போதே கேட்டுக்கங்க.

எங்கம்மா மெஷின் 2 வருஷம் பீரோல கிடந்துச்சு. வாங்கின அன்னிக்கே முழு அளவுல வெச்சு அனுப்பிட்டாங்க, ஃபேன் சத்தம், பாத்திரம் உருட்டுற சத்தம், பேப்பர் புரட்டுறது எல்லாம் ஒரே நாள்ல மேல வந்து விழுந்ததுல கழட்டி வெச்சவங்க தான். அப்புறம் வேற ஒருத்தர்ட்ட போனோம், அவர் அளவைக் குறைச்சு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினார், இப்ப குளிக்கவும் தூங்கவும் தான் கழட்டுறாங்க. இன்னொண்ணு, திடீர்னு சத்தம் குறைஞ்சா மெஷின் போச்சுன்னு பயந்துடாதீங்க, ஸ்பீக்கர் முனையில வாக்ஸ் கார்டுன்னு ஒரு குட்டி வலை இருக்கும், அழுக்கு அடைச்சிருந்தா அதை மாத்தினா போதும்.

மொட்டைமாடி:
போன் பண்ணி கேட்டேன், அங்க ரியல் இயர் பண்றதில்லையாம், பண்ற இடம் ஒண்ணு கண்டுபிடிச்சு புதன்கிழமைக்கு சொல்லி வெச்சிருக்கேன். கடை தடை சடை சொல்லிப் பாத்தேங்க, மூணுக்கும் கடைன்னே சொன்னார். கவனிக்கவே மாட்டேங்கிறார்னு நெனச்சு எத்தனை தடவை எரிஞ்சு விழுந்திருக்கேன்னு யோசிச்சா கஷ்டமா இருக்கு.

செவிப்பறை:
புதன்கிழமை நீங்களும் கூட உள்ள போங்க. மெஷின் போட்டதும் முதல்ல நீங்க பேசுங்க, பழகின குரல்ல தான் வித்தியாசம் அவருக்கு சட்டுனு தெரியும்.