தியானத்தில் அமரக் குஷன் வைத்துக்கொள்ளலாமா? கால் மரத்துப்போகிறது, உதவுங்கள்

பட்டாலைவாசி:
அனைவருக்கும் வணக்கம். தியானத்தில் அமர்ந்தால் இருபது நிமிடங்களுக்குள் கால் மரத்துப்போகிறது. எங்கள் வீட்டுப் பட்டாலையில் (முன்கூடத்து மேடையில்) ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் மேல் கோரைப்பாய் விரித்துத்தான் அமர்கிறேன். குஷன் வாங்கி வைத்துக்கொள்ளலாமா? வீட்டுப் பெரியவர்கள் கூடாது என்கிறார்கள். மாலை காரைக்குடிக்குப் போகிறேன், வாங்குவதானால் அப்போதே வாங்கிவிடுவேன். அண்ணன்மாரும் ஆச்சிமாரும் விரைவாகச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் அன்பர்:
தம்பி, ஒரு காலா, இரண்டு கால்களுமா? சாதாரணமாகச் சப்பணமிட்டு அமர்கிறீர்களா, ஒரு பாதத்தைத் தொடைமேல் ஏற்றி அரைத் தாமரையாக அமர்கிறீர்களா? மரத்துப்போவது பிட்டத்திலிருந்து தொடங்குகிறதா, முழங்காலுக்குக் கீழேயா? வயதும் சர்க்கரை நோய் உண்டா இல்லையா என்பதும் தெரியாமல் எவராலும் சரியாகச் சொல்ல முடியாது.

தேவகோட்டை ஆச்சி:
குஷன் வைப்பதில் எந்தத் தவறும் இல்லை. நான் முதல் மூன்று மாதங்கள் வெறும் பாயில் அமர்ந்து, மனத்தைக் கவனிப்பதற்குப் பதிலாக முதுகு வலியையே கவனித்துக்கொண்டிருந்தேன். பிறகு பழைய ஜமக்காளத்தை நான்காக மடித்து இடுப்புக்குக் கீழே மட்டும் வைத்தேன். வலி படிப்படியாகக் குறைந்தது. வாங்குவதானால் இலவம்பஞ்சு அடைத்ததாகக் கேட்டு வாங்குங்கள். கடையில் தொட்டுப் பார்க்கும்போது சுகமாக இருக்கும் ஸ்பாஞ்சு, அமர்ந்த சிறிது நேரத்திலேயே அமுங்கித் தரையோடு தரையாகிவிடும்.

நெடுநாள் சாதகர்:
இதே கேள்விக்கு இங்கே பலமுறை விடை எழுதிவிட்டேன். புதிதாக வருபவர்கள் பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்பது நல்லது. முப்பது ஆண்டுகளாக வெறும் மணைப்பலகையில்தான் அமர்கிறேன். ஆசனம் சித்தியாவதற்கு முன் வலி வருவது இயல்பு. அதைப் பொறுத்துக் கடக்கும் பக்குவம் வராதவர் எத்தனை மெத்தைகளை மாற்றினாலும் தியானம் கைகூடாது.

காரைக்குடி இயன்முறை மருத்துவர்:
ஐயா அவர்களின் நீண்ட பயிற்சியை மதிக்கிறேன். ஆனால் மரத்துப்போவதையும் வலியையும் ஒன்றாக எண்ணிப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது ஆபத்தானது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இரத்த ஓட்டம் தடைபடுவதால்தான் கால் மரத்துப்போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நரம்பு அழுந்துவதே காரணம். முழங்காலின் வெளிப்பக்கத்தில், கீழ்க்காலின் மெல்லிய எலும்பின் மேல்முனையைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. சப்பணமிடும்போது அந்த இடம் கடினமான தரையிலோ மறுகாலின் மேலோ அழுந்தினால், கீழ்க்காலின் வெளிப்புறமும் புறங்காலும் மரத்துவிடும். கால்களை நீட்டியதும் ஓரிரு நிமிடங்களில் உணர்வு திரும்பினால் அஞ்ச வேண்டியதில்லை. நெடுநேரம் திரும்பாவிட்டாலோ, பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியாமல் போனாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். சர்க்கரை நோயால் ஏற்கெனவே நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு அழுத்தம் மிகுவதே தெரியாமல் போகக்கூடும். பள்ளத்தூர் அண்ணன் அதைக் கேட்டது மிகவும் சரி.

குஷன் வைப்பது சொகுசுக்காக அன்று, உயரத்துக்காக. இடுப்பு மூட்டு இறுகியவர் தரையில் அமர்ந்தால் முழங்கால்கள் இடுப்பைவிட மேலே நிற்கும். அப்போது இடுப்பெலும்பு பின்பக்கம் சாய்ந்து, கீழ்முதுகின் இயல்பான வளைவு மறைந்து, முதுகு கூன்போடும். இடுப்பை உயர்த்தினால் முழங்கால்கள் இறங்கி, இரண்டு முழங்கால்களும் பிட்டமுமாக மூன்று இடங்களில் உடல் தாங்கப்படும். அதற்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால் இன்று எதையும் வாங்காமல், கெட்டியான போர்வையை நான்கு விரற்கடை உயரத்துக்கு மடித்து, அதன் முன்பாதியில் மட்டும் அமருங்கள். தொடைகள் அதன்மேல் கிடக்கக் கூடாது. வீட்டில் ஒருவரைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கச் சொல்லி, முழங்கால் இடுப்புக்குக் கீழே வரும்வரை மடிப்பைக் கூட்டுங்கள். அளவு மிஞ்சினால் கீழ்முதுகு அதிகமாக உள்வளைந்து வலிக்கும். பட்டாலையில் சாய்ந்துகொள்ள வைத்திருக்கும் உருண்டைத் திண்டு இதற்கு உதவாது; அது உருளும்.

கோவிலூர்ப் பக்கத்தவர்:
எல்லாரும் உயரத்தையே பேசுகிறீர்கள். எதன்மேல் அமர்கிறோம் என்பதே முக்கியம். தியானத்தில் திரளும் ஆற்றல் பூமிக்குள் இறங்கிவிடாமலிருக்கவே முன்னோர் தர்ப்பாசனமும் மான் தோலும் விரித்தார்கள். பழைய வீடுகளில் பெட்டகத்தைத் திறந்தால் இன்றும் மான் தோல் கிடைக்கும்.

பள்ளத்தூர் அன்பர்:
மான் தோலைத் தயவுசெய்து பரிந்துரைக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அதை வாங்குவதும் விற்பதும் குற்றம். ஆற்றல் இறங்குகிறது என்பதைவிட எளிய காரணம் கண்முன்னே இருக்கிறது: சிமெண்டில் செய்த ஆத்தங்குடிக் கல் உடம்புச் சூட்டை விரைவாக வாங்கிக்கொள்வதால் மார்கழி விடியலில் கணுக்கால் விறைத்துப்போகும். கோரைப்பாயின் மேல் ஒரு கம்பளியோ ஓலைத் தடுக்கோ போட்டாலே அந்தக் குளிர் ஏறாது.

நெடுநாள் சாதகர்:
ஆசனம் உயரமாக இருக்கக் கூடாது என்று கீதையே சொல்லியிருக்கும்போது, நான்கு விரற்கடை உயர்த்தச் சொல்வது எந்த முறையில் சேர்ந்தது?

தேவகோட்டை ஆச்சி:
அண்ணன் சுலோகத்தில் பாதியை விட்டுவிட்டீர்கள். ஆறாம் அத்தியாயத்தின் பதினோராம் சுலோகம் மிக உயரமும் கூடாது, மிகத் தாழ்வும் கூடாது என்கிறது. அதோடு துணி, தோல், தர்ப்பை ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்கவும் சொல்கிறது. வெறும் பலகையில் அமர் என்று அங்கே இல்லை. அதன்பின் வரும் பதின்மூன்றாம் சுலோகம் உடலும் தலையும் கழுத்தும் நேராக நிற்கக் கேட்கிறது. அப்படி நிற்க எனக்கு ஜமக்காளம் தேவைப்பட்டது. பிற மரபுகளும் இப்படித்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டு ஜப்பானியத் துறவி டோகன், தடித்த பாயை விரித்து அதன்மேல் திண்டு வைத்து அமரச் சொல்கிறார். அங்கே இன்றும் ஜாஃபு என்னும் வட்டத் திண்டில் இலவம்பஞ்சையோ ஒருவகைத் தானியத்தின் உமியையோ அடைக்கிறார்கள்.

நெடுநாள் சாதகர்:
துணியும் தர்ப்பையும் சொல்லப்பட்டிருப்பதை ஏற்கிறேன். ஆனால் மெத்தையில் தொடங்குபவர் தூக்கத்தில் முடிப்பார் என்பது என் அனுபவம். அதிலிருந்து மாறமாட்டேன்.

காரைக்குடி இயன்முறை மருத்துவர்:
முதுகு கூன்போட்டு மூச்சு ஒடுங்கி அமர்ந்தாலும் தூக்கம் வரும், ஐயா. அது இருக்கட்டும்; கேள்வி கேட்ட தம்பி இன்னும் எந்த விவரமும் தரவில்லை. எந்தக் கால் என்பதையாவது சொல்லுங்கள்.

பட்டாலைவாசி (ஒன்பது நாட்களுக்குப் பிறகு):
தாமதத்துக்கு மன்னியுங்கள். வயது 44, சர்க்கரை இல்லை. அரைத் தாமரையில் அமர்ந்தேன். கீழே இருக்கும் வலது கால்தான் மரத்தது. குஷன் வாங்கவில்லை. சாதாரணச் சப்பணத்துக்கு மாறி, போர்வையை மடித்து வைத்ததில் இப்போது முப்பது நிமிடங்கள் அமர முடிகிறது. வலது முழங்கால் மட்டும் இன்னும் தரையைத் தொடவில்லை. நன்றி.

காரைக்குடி இயன்முறை மருத்துவர்:
அதை அழுத்தித் தரையில் சேர்க்க வேண்டாம். அந்த முழங்காலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியில் ஒரு துண்டை மடித்துச் செருகுங்கள். மூட்டு தளரத் தளர மடிப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.