வாக்குப் பிரிப்பா, வாக்குச் சிதறலா?

வணக்கம்.

ஒரே தரப்பின் ஓட்டு பல வேட்பாளர்களுக்குப் போவதை ஆங்கிலத்தில் vote splitting என்கிறார்களே, அதற்குத் தமிழில் 'வாக்குப் பிரிப்பு' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நேற்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் ஒரு நெருடல். பிரிப்பு பிறவினை, யாரோ திட்டம் போட்டுப் பிரிக்க வேண்டும். நம்மூரில் எதிராளியின் பெயரிலேயே ஒரு சுயேச்சையை நிறுத்துவார்களே, அது பிரிப்பு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 2025 ஜூனில் ஜனநாயகக் கட்சி தன் ஆளுநர் வேட்பாளரை ஓட்டெடுப்பு வைத்துத் தேர்ந்தெடுத்தபோது அப்படி யாரும் பிரிக்கவில்லை, தானாகப் பிரிந்தது. போட்டியிட்ட ஆறு பேரில் ஐந்து பேர் மாநிலத்தின் வடக்கு: நியூவர்க் மேயர் ராஸ் பராக்கா, ஜெர்சி சிட்டி மேயர் ஸ்டீவன் ஃபுலப், பெர்கன் கவுண்டிப் (நம் மாவட்டம் மாதிரி) பக்கத்து ஜாஷ் காட்ஹைமர், அப்புறம் மிக்கி ஷெரில், ஷான் ஸ்பில்லர். கடைசி இருவருக்கும் மான்ட்கிளேர் என்ற ஒரே ஊர்! தெற்கிலிருந்து ஸ்டீவ் ஸ்வீனி மட்டும். அங்கே வடக்குக்கும் தெற்குக்கும் ஏழாம் பொருத்தம். காலையில் ரொட்டிக்குள் வைத்துத் தின்னும் ஒரே பன்றி இறைச்சியை வடக்கே டெய்லர் ஹாம் என்பார்கள், தெற்கே போர்க் ரோல். (பெயர்ச் சண்டை நமக்கு மட்டுமில்லை.)

வடக்கு ஓட்டு ஐந்தாக உடைந்தால் தெற்கு ஒன்றுதிரண்டு ஸ்வீனியைக் கரையேற்றிவிடும் என்று கணக்குப் போடத் தோன்றும். ஆனால் அவருக்கு வந்தது ஏழு விழுக்காட்டை ஒட்டி, கடைசி இடம். தெற்கில் ஆள்தொகையே குறைவு. ஒவ்வொரு கவுண்டியிலும் கட்சிக் கிளை ஆதரிப்பவர்களை வாக்குச்சீட்டில் ஒரே வரிசையில் அடுக்கும் பழைய சலுகையும் 2024 வழக்கோடு போயிற்று. ஷெரில் வென்றது சுமார் 34 விழுக்காட்டில். அமெரிக்காவிலேயே ஜார்ஜியா மாநிலமாக இருந்தால் பாதியைத் தாண்டாததற்கு இன்னொரு சுற்று வைத்திருப்பார்கள்.

அதனால் தானாக நடந்தால் 'வாக்குச் சிதறல்', செய்தால் 'வாக்குப் பிரிப்பு'. 'பங்கீடு' வேண்டவே வேண்டாம், தொகுதிப் பங்கீடுதான் ஞாபகம் வரும்.

இன்னொன்று, இப்படிக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் primary-க்கு 'முதற்கட்டத் தேர்தல்' என்றால் நம் ஆட்கள் பல கட்ட வாக்குப்பதிவின் முதல் நாள் என்றுதான் நினைப்பார்கள். 'உட்கட்சித் தேர்தல்' என்றால் மாவட்டச் செயலாளர் பதவி. 'முன்தேர்தல்' எப்படி?

——

முன்தேர்தல் சரி, எடுத்துக்கொள்கிறேன். சிதறலில்தான் எனக்கு இடிக்கிறது. சிதறு தேங்காய் உடைத்தால் சில்லு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகும். பெர்கனில் முதலிடம் காட்ஹைமருக்குத்தானே? ஓட்டு அவரவர் ஊரைப் பார்த்து விழுந்திருக்கிறது. அதற்கு மட்டும் 'ஊர்வழிப் பிரிவு' என்று தனியாக ஒன்று வைக்கலாமா?