உள்ளூர்ப் பாடகர்களுக்கு மாதம் ஒரு இசை மாலை: உண்டியலா, டிக்கெட்டா?

மொட்டைமாடி:
திட்டம் இதுதான். மாதத்தில் ஒரு நாள், 60 பேர் உட்காரும் அறை, மூன்று உள்ளூர்க் கலைஞர்கள், எல்லாமே அவர்களுடைய சொந்தப் பாட்டு. நுழைவு இலவசம். வாசலில் ஒரு உண்டியல் வைத்து, விழுவதை மூவருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பேன். நாற்காலி போட, ஆட்களை உட்கார வைக்க, மைக் பார்க்க நண்பர்கள் சும்மா வருகிறார்கள். பெயர் தெரியாத பாடகருக்கு டிக்கெட் வாங்கி யார் வருவார்கள்? முதலில் கூட்டம் சேரட்டும், காசைப் பிறகு பார்ப்போம். ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

கம்பி ஆறு:
ஓட்டை நடுவிலேயே இருக்கிறது. இடத்துக்கு வாடகை உண்டு, ஸ்பீக்கருக்கு வாடகை உண்டு, போஸ்டர் அச்சடிப்பவருக்குக் காசு உண்டு. பாடுகிறவருக்கு மட்டும் "விழுந்தால் உண்டு". இதற்கு "கலைஞர்களுக்கு ஆதரவு" என்று பெயர் வேறு. நானும் மேடை ஏறுகிற ஆள்தான். "நாலு பேருக்குத் தெரிய வருமே" என்று கூப்பிடுகிறவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது. தெரிய வந்தபின் என்ன நடக்கிறது? அடுத்த இடத்திலும் ஓசியில் பாடத்தான் கூப்பிடுகிறார்கள்.

சின்ன அரங்குகளில் பழகிப்போன ஒரு ஏற்பாடு இருக்கிறது. குறைந்தபட்சத் தொகை ஒன்றை முன்கூட்டியே பேசிவிடுவது. நாலு பேர் வந்தாலும் அது கைக்கு வரும். டிக்கெட் வசூலில் அவர் பங்கு அதைத் தாண்டினால் பங்கைக் கொடுப்பது. எது அதிகமோ அது.

மொட்டைமாடி:
12 பேர் வந்தால் அந்தக் குறைந்தபட்சம் யார் பையிலிருந்து? நான் கையைச் சுட்டுக்கொண்டு மூன்றாவது மாதமே மூடிவிட்டால் எந்தக் கலைஞருக்கு லாபம்?

பின்வரிசை:
நான் வெறும் கேட்க வருகிற ஆள். நீங்கள் இருவரும் காசைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் பார்க்கிற பிரச்சினை வேறு. மூன்று பேர் பாடுகிற நிகழ்ச்சியில் வருவது மூன்று தனித்தனிக் கும்பல். முதல் பாடகர் கும்பிட்டு முடித்ததும் அவருடைய அக்கா, மாமா, ஆபீஸ் நண்பர்கள் எல்லாரும் ஒன்றாக எழுந்து மேடைக்கு முன்னாலேயே குனிந்தபடி வெளியே போவார்கள். அதில் ஒருவர் இரண்டாவது பாடகி சுருதி சேர்க்கும்போது வாசலிலிருந்து சத்தமாக "சூப்பர்டா, நாளைக்குப் பேசறேன்" என்பார். மூன்றாவது ஆள் நாற்காலிகளுக்குத்தான் பாடுவார். டிக்கெட் போட்டாலும் இது நடக்கும், இலவசமாக இருந்தாலும் நடக்கும்.

இதற்கு ஒரு வழி உண்டு. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1982இல் தொடங்கிய புளூபேர்ட் கஃபே என்ற சின்ன இடம், பாட்டெழுதுகிறவர்களை அறை நடுவில் வட்டமாக உட்கார வைத்துப் பாடச் சொல்வதற்குப் பேர்போனது. ஆளுக்கு ஒரு பாட்டு, அப்புறம் அடுத்தவர், திரும்பவும் முதல் ஆள். பாட்டு பிறந்த கதையையும் நடுநடுவே சொல்வார்கள். தன் ஆளின் கடைசிப் பாட்டுக்குக் காத்திருக்கிற மாமா, வேறு வழியில்லாமல் மற்ற இருவரையும் கேட்டுவிடுவார்! பார்வையாளர்கள் பேசினால் "உஷ்" என்று அடக்குவதற்கும் அந்த இடம் பேர்போனது. எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஃபேடர்:
ஒலிப் பக்கத்திலிருந்து பார்த்தால் வட்டம் நல்ல யோசனை. ஆள் மாறும்போது ஒயர் பிடுங்கி ஒயர் சொருகும் வேலை இல்லை. ஒரு ஆளுக்கு ஒரு மைக், கிட்டாரை மிக்ஸரோடு இணைக்க ஒரு டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டி, ஒரு தடவை சவுண்ட் செக், முடிந்தது. ஆனால் எல்லா மைக்கும் கடைசிவரை திறந்தே இருக்கும். ஸ்பீக்கரை மைக்கைப் பார்த்து வைத்தால் கூய் என்று கத்தும்.

டிரம்ஸ் உள்ள குழு வந்தால் வட்டம் சரிப்படாது. அந்த அளவு அறையில் டிரம்ஸுக்கு மைக்கே வேண்டாம், அது பாட்டுக்குக் கேட்கும். அதற்கு ஈடாகக் குரலையும் கிட்டாரையும் ஏற்றிக்கொண்டே போவதில்தான் காது கிழிகிறது. இசை அரங்குகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வரையறையில், 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று இருக்கிறது. சின்ன அறைக்கு அவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டால் உண்டியலும் இல்லை, டிக்கெட்டும் இல்லை.

இன்னொன்று, மைக் பார்க்க "சும்மா" வரும் நண்பர்களில் நானும் ஒருவன்.

கம்பி ஆறு:
அப்படியானால் உங்களுக்கும் சேர்த்தே பேசுகிறேன். லண்டனில் 2009இல் ஆரம்பித்து உலகம் முழுக்கப் பரவிய சோஃபார் சவுண்ட்ஸ் தெரியுமல்லவா? வீட்டுக் கூடத்தில் அமைதியாக உட்கார்ந்து கேட்கும் கச்சேரிகள். அழகான எண்ணம்தான். கலைஞர்களுக்கு மிகக் குறைவாகக் கொடுக்கிறார்கள் என்று பெரிய சர்ச்சை வந்தது. சம்பளமில்லாமல் வேலை பார்த்த தன்னார்வலர்கள் விஷயத்தில் நியூயார்க் மாநிலத் தொழிலாளர் துறை விசாரித்து, 2020இல் அந்த நிறுவனம் நான்கரை லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. அன்பாக ஆரம்பிக்கிற எல்லாம் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும்.

மொட்டைமாடி:
அது முதலீட்டாளர் பணம் புழங்கும் கம்பெனி. நான் பத்து நாற்காலி கடன் வாங்கி நடத்தப்போகிறவன். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். வேண்டுமானால் ஒவ்வொரு மாதமும் வரவு செலவை ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டுகிறேன்.

கம்பி ஆறு:
ஒட்டுங்கள், நல்லது. ஆனால் தாளில் எழுத ஏதாவது வரவேண்டுமே. டிக்கெட்டையே அளவாக வைத்துப் பார்ப்போம். இடமும் ஸ்பீக்கரும் சேர்ந்து 15 டிக்கெட் விலைக்குள் அடங்க வேண்டும். கலைஞர் ஒருவருக்கு உறுதியாக 5 டிக்கெட் விலை, மூவருக்கு 15. ஆக, 30 டிக்கெட் விற்றால் கையைக் கடிக்காது. 60 நாற்காலியில் பாதி. 31ஆவது டிக்கெட்டிலிருந்து வருவது முழுக்கப் பாடினவர்களுக்கும் ஃபேடருக்கும். பாதி அறைகூட நிரம்பாது என்று நினைத்தால் சின்ன அறை பிடியுங்கள். 25 பேர் நெருக்கி உட்கார்ந்த அறை, 60இல் 25 பேர் சிதறிக் கிடக்கும் அறையைவிடக் கச்சேரிக்கு எவ்வளவோ மேல்.

பின்வரிசை:
வாடகை ஏன்? வாரநாளில் ஈயோட்டுகிற இடமாகப் பார்த்து, "கூட்டம் நான் கொண்டுவருகிறேன், வியாபாரம் உங்களுக்கு" என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம், தெரிந்த பாட்டு ஒன்றிரண்டாவது பாடவிடுங்கள். புதுப்பாட்டு மட்டும் என்றால் என் மாதிரி ஆட்களுக்கு மூச்சு முட்டும்.

மொட்டைமாடி:
வாடகை யோசனையை எடுத்துக்கொள்கிறேன். தெரிந்த பாட்டு கிடையாது. நியூயார்க்கில் 1973இல் திறந்த சிபிஜிபி கிளப், சொந்தப் பாட்டு இருந்தால்தான் மேடை என்றது. ரமோன்ஸ், டாக்கிங் ஹெட்ஸ் போன்ற ராக் குழுக்கள் வளர்ந்தது அங்கேதான். அடுத்தவர் பாட்டைப் பொதுவில் பாடினால் உரிமைக் கட்டணத் தலைவலி வேறு.

சரி, டிக்கெட். 30 கணக்கும் சரி. ஆனால் உண்டியலும் இருக்கும். கையில் காசில்லாத மாணவர் வந்தால் திருப்பி அனுப்ப மாட்டேன், இருப்பதைப் போட்டுவிட்டு உட்காரட்டும்.

கம்பி ஆறு:
உண்டியல் இருந்தால் டிக்கெட் வாங்க இருக்கிறவரும் உண்டியலுக்கே போவார். மாணவருக்குப் பாதி விலை என்று எழுதி வையுங்கள். பாடினவர் தன் சிடி, டி-ஷர்ட் விற்க ஒரு மேசை கொடுங்கள், அதில் பங்கு கேட்காதீர்கள். உண்டியலுக்கு நான் ஒப்ப மாட்டேன்.

மொட்டைமாடி:
மேசை உண்டு, பங்கு கேட்க மாட்டேன். உண்டியலும் உண்டு.

ஃபேடர்:
நீங்கள் இருவரும் தொடருங்கள். முதல் மாலைக்கு டிரம்ஸ் உண்டா இல்லையா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள், ஸ்பீக்கருக்குச் சொல்லி வைக்க வேண்டும்.