நெப்ராஸ்காவின் லிங்கன் உப்புச் சதுப்பில் புலிவண்டு பார்த்தவர்கள் எழுதுங்கள்

நெய்தல்87:
போன ஜூன், ஷூமேக்கர் சதுப்பு. உப்பு பூத்த சேற்றில் பென்சில் நுனி அளவுக்கு ஒரு வட்டம். ஓட்டை என்று குனிந்தால், புலிவண்டின் புழு தன் தலையையே மூடியாக வைத்து வளையை அடைத்திருக்கிறது! ஒரு எறும்பு பக்கத்தில் வந்தது. தலை பின்பக்கமாகச் சொடுக்கியது, எறும்பைக் காணோம். அசையாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்து திரும்பினால் என் செருப்புத் தடம். பாதையை விட்டு இறங்கியதே எனக்கு உறைக்கவில்லை. தடத்துக்குள் இன்னும் இரண்டு வளைகள் நசுங்கிக் கிடந்தன. அதிலிருந்து மனசே சரியில்லை.

வேம்பார்_உமரி:
உப்பளத்து ஊரில் பிறந்தவன் நான். கடலே இல்லாத நெப்ராஸ்காவில் உவர் நிலத்தையும், இலையுதிர் காலத்தில் சிவந்து கிடக்கும் உமரியையும் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. ஜூலை ராத்திரி ஒன்றில் வாசல் விளக்கடியில் சால்ட் க்ரீக் புலிவண்டு வந்து உட்கார்ந்தது. முதுகைச் சுற்றி வெள்ளைக் கரை, வேட்டிக் கரை மாதிரி அகலம். டப்பாவில் பிடித்து, காலையில் ஆர்பர் ஏரிக்கரையில் விட்டேன். உயிர் பிழைத்திருக்குமா?

வண்டுப்பித்தன்:
வேம்பார், கரை அவ்வளவு அகலம் என்றால் அது சால்ட் க்ரீக் வண்டு இல்லை. சர்கம்பிக்டாவாகவோ டோகாட்டாவாகவோ இருக்கும். அவையும் உவர் நிலத்துப் புலிவண்டுகள்தான். சால்ட் க்ரீக் வண்டு அடர்பழுப்பு, வெள்ளைக்கோடு குறைவு, அரை அங்குலம்தான் இருக்கும். நானே ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன்: ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது, அவ்வளவுதான்.

ஆனால் டப்பா வேண்டாம். சால்ட் க்ரீக் வண்டை 2005-லேயே அழியும் நிலை உயிரினங்களின் அமெரிக்க மத்திய அரசுப் பட்டியலில் சேர்த்தாயிற்று. அந்த வருடக் கணக்கெடுப்பில் கண்ணில் பட்டவை வெறும் 153. பிடிக்கவே கூடாது. ஜூன், ஜூலையில் வாசல் விளக்கை அணைத்துவிடுங்கள். முட்டையிட வேண்டிய பெண் வண்டுகள் வெளிச்சத்துக்குப் போய்விடுகின்றன. அதைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். இந்த உப்பு அடியில் இருக்கும் டகோட்டா மணற்பாறையிலிருந்து ஊறி வருவது. சால்ட் க்ரீக் ஓடையை நேராக வெட்டியதும் ஓடை ஆழமாகிவிட்டது, ஊற்று மட்டம் இறங்கிவிட்டது. மேலே வண்டல் மூடினால் புல் முளைக்கும். புல் முளைத்த இடத்தில் வண்டுக்கு வேலையே இல்லை, அதற்கு ஈரமான வெறும் உப்புச் சேறு வேண்டும். ஒரு காலத்தில் ஏறக்குறைய 20,000 ஏக்கர் இருந்த உவர்ச் சதுப்பில் மிச்சம் 4,000-கூட இல்லை. உங்கள் பகுதியில் ஓடைக்கரையில் கட்டடம் வருகிறது என்றால் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போய்ப் பேசுங்கள். நான் போகிறேன்.

மீனா_ஒமாஹா:
வேம்பார் பாசத்தில் செய்தது, இவ்வளவு கடிந்துகொள்ள வேண்டாமே அண்ணா. ஒமாஹா ஹென்றி டோர்லி மிருகக்காட்சிசாலையில் இந்த வண்டை வளர்க்கிறார்கள். ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால் புழுவுக்கு ஒரு குப்பி. அப்புறம் சதுப்பில் கொண்டுபோய் விடுகிறார்கள். முட்டையிலிருந்து வண்டாக இரண்டு வருடம். என் மகள் இதைக் கேட்டதும், "ரெண்டு வருஷமும் குழிக்குள்ளேயா?" என்றாள். வீடு வரும் வரைக்கும் வேறு பேச்சே இல்லை.

நெய்தல்87:
இரண்டு வருடமா... அந்த இரண்டு வளைகளும் அதே இனமா என்று யாராவது சொல்ல முடியுமா? படம் இருக்கிறது, தடத்தோடு சேர்த்து எடுத்தது.